தொட்டி அத்திக்குக் குளிர்காலக் காவல்: வேரிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

என் முதல் அத்தி செத்தது வசந்தகாலத்தில். குளிர்காலம் முழுவதும் அது நலமாக இருப்பதாகவே நம்பியிருந்தேன். கிளைகளைச் சேர்த்துக் கட்டி, மூன்று சுற்றுக் கோணி போர்த்திப் பார்த்துப் பார்த்துக் காத்தேன். போர்வையைப் பிரித்த நாளில் பட்டை பளபளப்பாக இருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிந்தது. பத்து நாளில் மொட்டுகள் பருத்தன. ஒரு மொட்டிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இலைகூட விரிந்தது. அதோடு எல்லாம் நின்றுவிட்டது. இலை சுருண்டது, மொட்டுகள் கருத்தன, பட்டையில் சுருக்கம் விழுந்தது.

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். தொட்டிச் சுவரை ஒட்டி ஓடியிருந்த வேர்கள் எல்லாம் கரும்பழுப்பாகக் கிடந்தன. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தபோது, தோல் மட்டும் உறைபோலக் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல்போன்ற நடுநரம்பு மட்டும் மண்ணில் நின்றது. கிளைக்குப் போர்வை போர்த்திய நான், தொட்டியை வெறுமனே விட்டிருந்தேன். கிளையில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தைக் கொண்டு அந்த மரம் கடைசியாக ஓர் இலை விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் முறை முழுவதும் மாறியது. தொட்டியில் வளரும் அத்தியைக் காப்பது என்றால் முதலில் தொட்டியைக் காப்பது. கிளைக்கான ஏற்பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கே நான் சொல்வது சீமை அத்தியைப் பற்றி. ஃபைகஸ் காரிகா என்பது அதன் தாவரவியல் பெயர். அடிமரத்தில் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வெப்பமண்டல மரம். உறைபனியை அதனால் தாங்கவே முடியாது. அதற்கு இந்த வழிகள் பொருந்தா.

வேர் ஏன் முதலில் சாகிறது

சீமை அத்தி இலையுதிர்க்கும் மரம். மத்தியதரைக்கடல் நிலங்களிலும் மேற்கு ஆசியாவிலும் தோன்றியது என்பதால் மிதமான குளிர் அதற்குப் பழக்கம்தான். இலை கொட்டி, கட்டை முதிர்ந்து, நன்றாக உறங்கும் நிலையில் இருக்கும் கிளை சுமார் மைனஸ் 7 முதல் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சிகாகோ ஹார்டி போன்ற வகைகள் அதற்குக் கீழேயும் சிறிது தாங்கும். பச்சையாக இருக்கும் இளந்தளிரோ மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரியிலேயே கருகிவிடும். ஒரே மரம் உறங்கும்போது ஒரு மரம், விழித்திருக்கும்போது வேறொரு மரம். இந்த வழிகாட்டியில் பாதி வேலை அந்த உறக்கத்தை வரவழைப்பதும் கலையாமல் காப்பதும்தான்.

வேரின் கதை வேறு. எந்த மரத்திலும் வேர், கிளை அளவுக்குக் குளிருக்குப் பழகுவதில்லை. பழக வேண்டிய தேவையும் அதற்கு வந்ததில்லை. தரையில் நட்ட மரத்துக்குப் பூமியே போர்வை. காற்று மைனஸ் 10-ல் இருக்கும்போதும் ஒரு முழம் ஆழத்தில் மண் பெரும்பாலும் உறையாமல் இருக்கும். தொட்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நான்கு பக்கமும் குளிர்காற்று. இடையில் இருப்பது சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மட்டும். போதாக்குறைக்கு, தொட்டி மரத்தின் நல்ல இளவேர்கள் எல்லாம் சுவரை ஒட்டித்தான் சுற்றி வளரும். குளிர் முதலில் தொடும் இடமும் அதுவே. மைனஸ் 4, மைனஸ் 5 டிகிரியில் அந்த வேர்கள் சேதமடையத் தொடங்கும். ஆகவே நான் எனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்: தொட்டி மண்ணின் வெப்பநிலை எந்த நாளிலும் மைனஸ் 2-க்குக் கீழே போகக்கூடாது. அந்த ஒன்றைக் காப்பாற்றினால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியதே.

இதற்கு ஒரு கருவி தேவை. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளைப் பதிவு செய்யும், கம்பி முனையில் உணரி உள்ள வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். உணரியைத் தொட்டியின் உட்சுவரை ஒட்டி ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். வானிலை அறிக்கை சொல்வது காற்றின் கதை; உங்கள் வேரின் கதையை அந்த முனைதான் சொல்லும்.

முதல் படி: கோடை முடிவதற்குள் சாப்பாட்டை நிறுத்துங்கள்

குளிர்காலப் பாதுகாப்பு கோடையிலேயே தொடங்குகிறது. கோடையின் நடுப்பகுதி தாண்டியதும் தழைச்சத்து உரத்தை முழுமையாக நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகும் போட்டால் மரம் கொழுத்துத் தளிர்விடும். அந்தத் தளிர் முற்றுவதற்குள் பனி வந்துவிடும். வந்த முதல் இரவிலேயே கருகும். கருகிய நுனி வழியாக அழுகலும் உள்ளே நுழையும்.

தளிர் முற்றிவிட்டதா என்று விரலால் பார்த்தே சொல்லலாம். முற்றிய கிளை பழுப்பேறி, வளைத்தால் விறைப்பாக இருக்கும். முற்றாதது பச்சையாக, சதைப்பற்றோடு, அழுத்தினால் சற்று அமுங்கும். குளிர் நெருங்கும்போது உங்கள் மரத்தில் பச்சை நுனிகள் நிறைய இருந்தால், இந்த ஆண்டு அது பாதி விழித்த நிலையிலேயே குளிருக்குள் போகிறது என்று பொருள். அப்படிப்பட்ட மரத்தை வெளியே விடும் எண்ணத்தையே கைவிடுங்கள்.

இலையுதிர்காலம் தொடங்கியதும் நீரையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிறுத்திவிடக் கூடாது, இடைவெளியை நீட்டினால் போதும்.

இரண்டாம் படி: இலை தானாகக் கொட்டட்டும்

புதிதாக அத்தி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். முதல் குளிர்காற்று வீசியதும் பதறிப்போய் இலையோடு மரத்தை வீட்டுக்குள் தூக்கிவந்துவிடுகிறார்கள். வீட்டின் வெதுவெதுப்பில் மரம் உறங்காது. மங்கிய வெளிச்சத்தில் வளரவும் முடியாது. இரண்டும் இல்லாமல் நான்கைந்து மாதம் சேமிப்பைத் தின்று தீர்க்கும்.

குறுகும் பகலும் குளிர்ந்த இரவுகளும்தான் மரத்துக்கு உறங்கச் சொல்லும் அழைப்பு. அந்த அழைப்பு முழுமையாகப் போய்ச்சேர ஓரிரு லேசான உறைபனி இரவுகள் கிடைத்தால் மிகவும் நல்லது. இரவு வெப்பநிலை பூஜ்யத்தையோ மைனஸ் 1-ஐயோ தொட்டு, பகலில் மீண்டும் ஏறும் வகையிலான பனி அது. இலை மஞ்சளாகித் தொங்கும். சில நாளில் உதிரும். அதுவரை தொட்டியை வெளியிலேயே, காற்று நேரடியாக அறையாத சுவரோரமாக வையுங்கள். ஒரே இரவில் மைனஸ் 4-க்கு இறங்கப் போகிறது என்ற அறிவிப்பு வந்தால் மட்டும் அன்றிரவுக்கு உள்ளே கொண்டுவந்து, மறுநாள் மீண்டும் வெளியே வைக்கலாம்.

எவ்வளவு காத்திருந்தும் நாலைந்து இலை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றைக் காம்போடு கிள்ளிவிடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அத்திப்பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் சிலருக்குக் கொப்புளம் கிளம்பும். பாலில் உள்ள சில வேதிப்பொருள்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைச் சுடுவதுதான் காரணம். கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: காயை எடுப்பது, எடுக்காமல் விடுவது

இலை கொட்டியபின் கிளைகளை நிதானமாகப் பாருங்கள். பழுக்காமல் நின்றுபோன பெரிய காய்கள் இருக்கும். அவை இனிப் பழுக்காது. குளிரில் அழுகிப் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். பட்டாணியைவிடப் பெரியதாக இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

நுனியில், இலைத்தழும்பின் மேல், மிளகு அளவுக்குச் சிறு உருண்டைகள் தெரிந்தால் அவற்றைத் தொடாதீர்கள். அத்தியில் பல வகைகள் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கும். முதல் காய்ப்பு முந்தைய ஆண்டின் கட்டையில் வருவது. இரண்டாவது, அதாவது முதன்மைக் காய்ப்பு, புதுத்தளிரில் வருவது. அந்த மிளகு உருண்டைகள்தான் அடுத்த கோடைத் தொடக்கத்தின் முதல் காய்ப்பு. குளிர்காலத்தில் நுனியை இழந்தால் அந்த விளைச்சலும் போய்விடும்.

இதனாலேயே இலையுதிர்காலத்தில் கவாத்து செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒடிந்தது, நோய்ப்பட்டது, வாசலில் நுழையவிடாமல் இடிப்பது ஆகியவற்றை மட்டும் வெட்டலாம். மற்றவை குளிர்காலக் கடைசியில், எது பிழைத்தது என்று தெரிந்தபின். இப்போது வெட்டி அழகுபடுத்திவிட்டுப் பிறகு நுனி ஒரு சாண் கருகினால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

உதிர்ந்த இலைகளைத் தொட்டி மண்மீது விடாமல் கூட்டி அள்ளுங்கள். துருநோய் வந்த இலைகளாக இருந்தால் உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். பட்டையில் பழுப்பு நிறச் சிறு மேடுகள் ஒட்டியிருந்தால் அவை செதில் பூச்சிகள். பழைய பல்துலக்கியைச் சோப்புநீரில் நனைத்துத் தேய்த்தெடுத்தால் வந்துவிடும்.

நான்காம் படி: இடம் தேர்வு

எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் ஊரின் மிகக் குளிர்ந்த இரவுதான். சராசரிக் குளிர் கணக்கில் வராது. குளிர்காலத்தில் மைனஸ் 3-க்குக் கீழே இறங்காத இடமென்றால் தொட்டியைச் சுவரோரம் வைத்து மூடாக்கு, அதாவது மண்மீது வைக்கோலோ சருகோ, போட்டால் போதும். மைனஸ் 8 வரை இறங்குமானால் வெளியே வைத்து முழுமையாகப் போர்த்தலாம். ஆனால் கவனம் தேவை. அதற்கும் கீழே என்றால் உள்ளே கொண்டுபோவதுதான் சரி. முதலாண்டு, இரண்டாமாண்டுக் கன்றுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத தண்டுக்குச் சேமிப்பும் குறைவு, தாங்கும் வலுவும் குறைவு. எந்த ஊரானாலும் அவற்றை உள்ளே வையுங்கள்.

உள்ளே என்றால் சூடேற்றிய கூடம் அல்ல. வெப்பநிலை 0-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும் இடம் வேண்டும். சூடேற்றாத கார் ஷெட், நிலவறை, தோட்டச் சாமான் அறை, மூடிய வராந்தா எல்லாம் பொருந்தும். வெளிச்சம் தேவையில்லை. இலையில்லாத மரத்துக்கு இருட்டு ஒரு குறையே அல்ல. சொல்லப்போனால் இருட்டே நல்லது. சன்னல் வழியே வெயில் விழும் அறையில் பட்டை சூடேறி மொட்டு சீக்கிரம் விழித்துவிடும். 10 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும் அறையையும் தவிர்த்துவிடுங்கள். அத்திக்கு நீண்ட குளிர் உறக்கம் தேவையில்லை. ஆப்பிளைப்போல அது மாதக்கணக்கில் குளிருக்குக் காத்திருக்காது. கொஞ்சம் சூடு கிடைத்தாலே வசந்தம் வந்துவிட்டதென்று எழுந்துவிடும்.

ஐந்தாம் படி: உள்ளே வைத்துக் காப்பது

கொண்டுபோவதற்கு முந்தின நாள் அளவாக நீர் ஊற்றி, முழுதும் வடியவிடுங்கள். சொதசொதவென்ற மண்ணோடு உள்ளே போனால் வேர் அழுகும். எலும்பாக உலர்ந்த மண்ணோடு போனாலும் ஆபத்து. ஈர மண்ணைவிட உலர்ந்த மண் வேகமாகக் குளிர்ந்துவிடும்.

தொட்டியைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காதீர்கள். தரை வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு தெர்மோகோல் பலகையோ இரண்டு மரச்சட்டமோ அடியில் கொடுங்கள். பல தொட்டிகள் இருந்தால் ஒன்றோடொன்று இடிக்கும்படி நெருக்கி வைத்து, சிறியவற்றை நடுவில் நிறுத்துங்கள். வீட்டோடு ஒட்டிய சுவர்ப் பக்கமே எப்போதும் நல்லது. கார் ஷெட்டின் பெரிய கதவருகே வைத்த தொட்டி, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்காற்றில் குளிக்கும்.

அறையின் வெப்பநிலை எல்லைக்கோட்டிலேயே ஊசலாடுகிறதென்றால் எளிய உதவி ஒன்று இருக்கிறது. பெரிய பிளாஸ்டிக் வாளிகளில் முக்கால் பங்கு நீர் நிரப்பித் தொட்டிகளுக்கு இடையே வையுங்கள். நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். 20 லிட்டர் நீர் முழுவதும் உறைந்தால் வெளிவரும் வெப்பம், 2 யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான அளவு. மூடிய சிறு அறையில் இரண்டு மூன்று வாளிகள் ஓர் இரவைக் கடத்திவிடும். வாளியின் மேற்பரப்பில் பனிக்கட்டி படர்வதே உங்களுக்கு எச்சரிக்கை மணியும் ஆகும். மின்சூடேற்றி வைப்பதானால், வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போது மட்டும் தானே இயங்கும் கட்டுப்பாடு உள்ளதாகப் பாருங்கள். கோணிக்குள் பல்பு எரியவிடும் பழக்கம் தீ விபத்தில் கொண்டுவிடும், அது வேண்டாம்.

இனி நீர். உள்ளே வைத்த அத்திகள் சாவது பெரும்பாலும் குளிரால் அல்ல, தண்ணீரால்தான். ஒரு பக்கம், இரக்கப்பட்டு வாரந்தோறும் ஊற்றுபவர்கள். உறங்கும் வேர் நீரை உறிஞ்சாது. மண் மூச்சுமுட்டி வேர் அழுகும். மறுபக்கம், உறங்குகிறதே என்று நான்கு மாதம் எட்டிப் பார்க்காதவர்கள். உறங்கும் மரமும் பட்டை வழியாகச் சிறிது சிறிதாக ஈரத்தை இழந்துகொண்டுதான் இருக்கும்.

நான் செய்வது இதுதான். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்ப்பேன். குளுமையும் லேசான ஈரமும் தெரிந்தால் அப்படியே விட்டுவிடுவேன். பொடியாக உதிர்ந்தால் 20 லிட்டர் தொட்டிக்கு இரண்டு டம்ளர் நீர், அதுவும் பனிக்கட்டிபோல் இல்லாத சாதாரண நீர், ஓரமாகச் சுற்றி ஊற்றுவேன். தொட்டியைக் கைப்பிடியில் இலேசாகத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். இரண்டு மாதத்தில் எடை உங்கள் கைக்கே பழகிவிடும். விரலைவிடக் கை சரியாகச் சொல்லும். இளங்கிளையின் பட்டையில் நீளவாக்கில் மெல்லிய சுருக்கம் தெரிந்தால் அது தாகம். அந்த நிலையில் உடனே நீர் கொடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

வெளியே வைத்தே காப்பதானால்

தூக்க முடியாத பெரிய தொட்டி, உள்ளே இடமில்லாத வீடு என்று பலருக்கு வேறு வழி இருக்காது. அப்போதும் காக்க முடியும். வேலை மட்டும் கூடுதல்.

முதலில் தொட்டியின் வகையைப் பாருங்கள். சுட்ட மண்தொட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் விரியும். தொட்டி செதில் செதிலாகப் பெயரும் அல்லது நெடுக விரிசல் விடும். குளிர்காலத்தை வெளியில் கழிக்க வேண்டிய மரத்தைக் கனமான பிளாஸ்டிக்கிலோ மரப்பெட்டியிலோ வளர்ப்பதே நல்லது.

தோட்டத்தில் நிலம் இருந்தால் எல்லாவற்றிலும் சிறந்த வழி, தொட்டியை விளிம்பு வரை மண்ணில் புதைப்பதுதான். பூமியின் போர்வை வேருக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. நீர் தேங்காத மேட்டுப்பாங்கான இடமாக, மண் இறுகி உறைவதற்கு முன்பே குழி தோண்டி இறக்குங்கள். மேலே ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோலோ உலர்ந்த சருகோ பரப்புங்கள். வசந்தத்தில் எடுக்கும்போது வடிகால் துளை வழியே வேர்கள் நிலத்துக்குள் போயிருந்தால் தயங்காமல் வெட்டிவிடலாம், அத்தி பொறுத்துக்கொள்ளும்.

நிலம் இல்லையென்றால் தொட்டியைச் சுற்றி ஒரு செயற்கை நிலம் கட்ட வேண்டும். தொட்டியைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் அகலமான பெட்டியையோ கம்பிவலை வளையத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் தெர்மோகோல், நடுவில் தொட்டி, சுற்றிலும் உலர்ந்த சருகும் வைக்கோலும் இறுக்கமாக. அழுத்தி நசுக்கிவிடாதீர்கள், இடையில் நிற்கும் காற்றுதான் காப்பு. நனைந்த சருகு பயன்படாது என்பதால் மேல்பக்கம் மழைநீர் இறங்காமல் மூட வேண்டும். காற்றுக் குமிழ் உள்ள பிளாஸ்டிக் உறை கிடைத்தால் அதைத் தொட்டிச் சுவரில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, அதற்கு வெளியே சருகைத் திணிக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியோடு நிற்கட்டும், கிளைக்குப் போக வேண்டாம்.

இப்போது கிளை. சணல் கயிற்றால் கீழிருந்து மேலாகச் சுற்றி, கிளைகளை மெல்ல உள்நோக்கிச் சேர்த்துக் கட்டுங்கள். வளையாத கிளையை வலுக்கட்டாயமாக வளைக்காமல் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம். பிறகு கோணியையோ பழைய பருத்திப் போர்வையையோ இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். மூச்சுவிடும் துணிதான் வேண்டும். பிளாஸ்டிக் தாளை நேரடியாகச் சுற்றினால், வெயிலடிக்கும் குளிர்காலப் பகலில் உள்ளே சூடேறி வியர்க்கும். இரவில் அந்த வியர்வையே பட்டைமீது பனிக்கட்டியாகும். தினமும் இப்படி நடந்தால் பட்டை வெடித்து, வெடிப்பில் பூஞ்சணம் பிடிக்கும். உச்சியில் மட்டும் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தால் மழையும் பனியும் உள்ளே இறங்காது.

வைக்கோல் உள்ள இடத்துக்கு எலி வரும். உணவு குறைந்த மாதங்களில் அத்திப்பட்டையை அடியில் வட்டமாகக் கடித்துத் தின்றுவிடும். முழு வட்டம் கடித்தால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் போய்விடும். சிறுகண் கம்பிவலையை உருளையாக்கித் தண்டின் அடியைச் சுற்றி நிறுத்துவது ஐந்து நிமிட வேலை. வைக்கோலும் தண்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளியே இருக்கட்டும்.

அத்தி பூத்தாற்போல எப்போதாவது வரும் அசாதாரணக் கடுங்குளிர் இரவுக்கென்று கூடுதலாக இரண்டு கம்பளியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓரிரண்டு இரவுகளுக்கு மேலே போட்டு, முடிந்ததும் எடுத்துவிடலாம்.

நடுக்குளிரில் வரும் பொய் வசந்தம்

குளிர்காலத்தின் பின்பாதியில் ஒரு வாரம் வெயில் அடித்து இதமாக இருக்கும். இந்த வாரத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். மரம் விழிக்கத் தொடங்கி, கட்டையில் சாறு ஏறி, அதுவரை தாங்கிய குளிரை இனித் தாங்காத நிலைக்கு வந்துவிடும். அடுத்து வரும் மைனஸ் 5 முன்பு வந்த மைனஸ் 8-ஐவிடக் கொடியது. ஆகவே இதமான நாள்களில் போர்வையைக் கழற்றாதீர்கள். அது வெயிலின் சூட்டையும் தடுக்கிறது. உள்ளே வைத்திருந்தால் இரவில் கதவைச் சிறிது திறந்து அறையைக் குளிர்வியுங்கள். நீர் கொடுக்கும் நாளாக இருந்தாலும் அந்த வாரம் தள்ளிப்போடலாம்.

அப்படியும் மொட்டு விரிந்து, இருட்டில் வெளிறிய மஞ்சள் தளிர் நீண்டுவிட்டால் பதற வேண்டாம். குளுமையான, வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றி, சிறிது நீர் கொடுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காப்பீடு: போத்து

மரம் உறங்கும் காலத்தில், நன்றாக முற்றிய போன ஆண்டுக் கிளையிலிருந்து பென்சில் தடிமனில், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு கணு உள்ள துண்டுகளை வெட்டி எடுங்கள். நனைத்துப் பிழிந்த காகிதத்தில் சுற்றி, மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் உயிரோடு இருக்கும். எந்த முனை மேல் என்று அடையாளமிட மறக்காதீர்கள். வசந்தத்தில் ஈரமான கலவையில் ஊன்றினால் அத்திப் போத்து எளிதில் வேர்விடும். தாய்மரம் போனாலும் வகை போகாது. மரத்தை வெளியே விட்டுவைக்கும் எவரும் இதைச் செய்யாமல் இருக்கக்கூடாது என்பேன்.

ஆறாம் படி: எழுப்புதல்

இரவு வெப்பநிலை தொடர்ந்து மைனஸ் 2-க்கு மேலே நிற்கத் தொடங்கியதும், இன்னும் மொட்டு விரியாத மரத்தை வெளியே கொண்டுவரலாம். மொட்டு விரிந்த மரமானால் உறைபனி முழுதும் நின்ற பிறகுதான். நேராக வெயிலில் வைக்கக்கூடாது. இருட்டில் கிடந்த பட்டையும் வெளிறிய தளிரும் ஒரே பகலில் வெந்துவிடும். முதல் மூன்று நாள் நிழல், பிறகு காலை வெயில் மட்டும், ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயில். இந்த நாள்களில் திடீர்ப் பனி அறிவிப்பு வந்தால் மாலையிலேயே மரத்தின் மேல் ஒரு மெல்லிய துணியைத் தரை தொடும்படி போர்த்துங்கள், அல்லது உள்ளே தூக்கிவிடுங்கள்.

தொட்டி மாற்றுவதற்கும் வேர்க்கட்டின் வெளிவட்டத்தைச் சீவிப் புதுமண் நிரப்புவதற்கும் மொட்டு விரிவதற்குச் சற்று முந்தைய வாரங்களே ஏற்றவை. கவாத்தையும் அப்போதே முடித்துவிடலாம். முதல் காய்ப்பு வேண்டுமென்றால் சில கிளை நுனிகளையாவது வெட்டாமல் விடுங்கள். நீரைத் தாராளமாக்குவதும் உரம் கொடுப்பதும் இலை விரிந்த பிறகு.

செத்துவிட்டதுபோல் தெரிந்தால்

நுனியிலிருந்து தொடங்கி ஒரு சாணுக்கு ஓரிடத்தில் நகத்தால் பட்டையை இலேசாகக் கீறிக்கொண்டே கீழிறங்குங்கள். பழுப்பாகவும் உலர்ந்தும் இருக்கும் பகுதி போய்விட்டது. ஈரமான பச்சை தொடங்கும் இடம்தான் உயிர் இருக்கும் எல்லை. அதற்குச் சற்றுக் கீழே, ஒரு கணுவுக்கு மேல் வெட்டுங்கள். ஆனால் என் முதல் மரம் காட்டியதுபோல, பச்சைப் பட்டை மட்டும் போதிய சான்று ஆகாது. வேர்க்கட்டை மெல்ல உருவிப் பாருங்கள். வெளிர்நிற, உறுதியான வேர்கள் பாதியாவது இருந்தால் மரம் மீளும். ஓரத்து வேர்கள் மட்டும் போயிருந்தால் அவற்றைச் சீவிவிட்டு, அந்த அளவுக்குக் கிளையையும் குறைத்து, சிறிய தொட்டியில் புதுமண்ணில் வையுங்கள். குறைந்த வேர் பெரிய மரத்துக்கு நீர் ஊட்ட முடியாமல் தவிப்பதைத் தடுக்க இதுவே வழி.

மேலே முழுதும் காய்ந்திருந்தாலும் தொட்டியை உடனே காலி செய்யாதீர்கள். அத்தி பெரும்பாலும் ஒட்டுக்கட்டாமல், போத்திலிருந்து வளர்க்கப்படுவது. அதனால் அடியிலிருந்து வெடித்து வரும் முளையும் அதே வகைதான். மண்ணை இலேசான ஈரத்தில் வைத்து, வெதுவெதுப்பான இடத்தில் கோடையின் நடுப்பகுதி வரை காத்திருங்கள். அடிக்கட்டையின் பக்கத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு செம்பச்சையாக ஒரு கூம்பு எட்டிப்பார்க்கும். ஏழெட்டு முளை வந்தால் வலுவான இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அடியோடு கிள்ளிவிடுங்கள். அந்த ஆண்டு பழம் பழுக்கப் பெரும்பாலும் காலம் போதாது. முளைகள் முற்றிக் கட்டையாவதற்கே கோடை சரியாக இருக்கும். கோடையின் நடுப்பகுதி தாண்டியதும் அவற்றுக்கும் உரத்தை நிறுத்திவிடுங்கள். வரும் குளிர்காலத்தில் அந்தத் தொட்டி கட்டாயம் உள்ளேதான் இருக்க வேண்டும்.